குரலுக்கு வழக்குப் போட்ட மார்த்தா வாஷ், பெயரைத் தானே அச்சிட்ட கெல்லி ஹேண்ட்

கறுப்பர் வரலாறு என்றால் நம் படிப்பு வட்டங்களில் ஒரு வரிசை இருக்கிறது. மார்ட்டின் லூதர் கிங், மால்கம் எக்ஸ், ஏஞ்சலா டேவிஸ், கருஞ்சிறுத்தைகள். 1972-இல் மும்பையில் தலித் சிறுத்தைகள் அந்தப் பெயரை எடுத்துக்கொண்ட காலத்திலிருந்து அவர்களுடைய பேரணியையும் சிறையையும் நீதிமன்றத்தையும் நாம் படித்து வருகிறோம். நடனக்கூடத்தை மட்டும் படிப்பதில்லை. அது பொழுதுபோக்கு, அரசியல் இல்லை என்று யாரோ சொல்லிவிட்டதுபோலத் தாண்டிப் போய்விடுகிறோம். கூலி, உடல், பெயர், உரிமை எல்லாமே அங்கேயும் இருந்தன தோழர்களே. இரண்டு கறுப்பினப் பெண்களின் தொழில் வாழ்க்கை வழியாக அந்தக் கூடத்துக்குள் போய்ப் பார்க்கலாம். ஒருவர் பாடகி, மற்றவர் டிஜே.

பாடகியின் குரலை நீங்கள் கேட்டிருப்பீர்கள். 'கானா மேக் யூ ஸ்வெட்' என்ற பாட்டு கல்லூரி கலைவிழாக்களில் இன்றும் ஒலிக்கிறது. ஆண் ஒருவர் ராப் சொல்லிக்கொண்டு போக, நடுவில் ஒரு பெண் குரல் இடி மாதிரி இறங்கும். அந்தக் குரல் மார்த்தா வாஷுடையது. பாட்டு வெளியான 1990-இல் இதை உலகத்துக்குச் சொல்ல யாரும் இல்லை. தட்டில் அவர் பெயர் இல்லை, வீடியோவில் அவர் முகமும் இல்லை.

மார்த்தா 1953-இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். கறுப்பர் தேவாலயத்தில் கற்ற பாட்டு அவருடையது. ஒலிபெருக்கி வேலை செய்யாவிட்டாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பாடப் பழக்கும் பள்ளி அது. 1970-களின் நடுவில் சில்வெஸ்டர் என்ற பாடகரிடம் பின்னணிக் குரலாகச் சேர்ந்தார். சில்வெஸ்டர் கறுப்பர், தன்பாலீர்ப்பாளர். ஆண் உடை, பெண் உடை என்ற கோட்டை மதிக்காமல் மேடையேறிய கலைஞர். பருத்த உடலும் தேவாலயக் குரலும் கொண்ட மார்த்தாவை அவருக்குப் பிடித்துப்போனது. உன்னைப் போல இன்னொருத்தி உண்டா என்று கேட்டார். மார்த்தா தன் தோழி இசோரா ரோட்ஸை அழைத்து வந்தார். அந்த ஜோடிக்கு 'டூ டன்ஸ் ஓ ஃபன்' என்று பெயர் வந்தது. இரண்டு டன் கேளிக்கை என்று பொருள். உடம்பை வைத்துச் செய்த கேலிதான். ஆனால் சில்வெஸ்டரின் மேடையில் அந்த உடம்புகள் மறைக்கப்படவில்லை, கொண்டாடப்பட்டன. 1978-இல் வந்த 'யூ மேக் மீ ஃபீல்' பாட்டில் பின்னால் எழும் குரல்கள் இவர்களுடையவை.

பிறகு இருவரும் 'தி வெதர் கேர்ள்ஸ்' ஆனார்கள். 1982-இல் 'இட்ஸ் ரெய்னிங் மென்' வந்தது. டோனா சம்மர், டயானா ராஸ் போன்ற பெரிய பாடகிகள் வேண்டாம் என்று தள்ளிய பாட்டு அது. மார்த்தாவே முதலில் அதை ஒரு வேடிக்கை என்றுதான் நினைத்தார். பாட்டு உலகமெங்கும் ஓடியது. இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். சிரிக்க வைக்கும் பாட்டென்றால் பருத்த கறுப்புப் பெண்ணை வீடியோவில் காட்ட கம்பெனிக்குத் தயக்கமே இல்லை. தயக்கம் வந்தது வேறு இடத்தில்.

அதற்கு முன்னால் இசை மாறிய கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் கொமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. ஒரு டிஸ்கோ இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தால் 98 சென்டுக்கு நுழைவுச்சீட்டு. சேர்ந்த தட்டுகளை ஆட்ட இடைவேளையில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஏற்பாடு செய்தவர் ஒரு வெள்ளை வானொலி அறிவிப்பாளர். கூட்டம் மைதானத்துக்குள் புகுந்து கலவரமாகி, அடுத்த ஆட்டமே நடக்காமல் போனது. அன்று அங்கே இருக்கை காட்டும் வேலையில் இருந்த கறுப்பின இளைஞர் வின்ஸ் லாரன்ஸ், டிஸ்கோவே அல்லாத கறுப்பர் இசைத்தட்டுகளையும் மக்கள் கொண்டுவந்து கொட்டினார்கள் என்று பின்னாளில் சொன்னார். டிஸ்கோ வளர்ந்தது கறுப்பர்கள், லத்தீனோக்கள், தன்பாலீர்ப்பாளர்கள் கூடிய கிளப்புகளில். வெடித்தது வினைல் மட்டும்தான் என்று நான் நம்பவில்லை.

அதே சிகாகோவில் 'வேர்ஹவுஸ்' என்ற கிளப்பில் ஃபிராங்கி நக்கிள்ஸ் 1977 முதல் தட்டு சுழற்றிக்கொண்டிருந்தார். பெரிய கம்பெனிகள் டிஸ்கோவைக் கைவிட்ட பிறகும் அவர் நிறுத்தவில்லை. பழைய டிஸ்கோ தட்டுகளோடு டிரம் மெஷின் தாளத்தைச் சேர்த்து ஓட்டினார். அந்தக் கிளப்பின் பெயரிலிருந்துதான் 'ஹவுஸ்' என்ற இசை வகையின் பெயர் வந்தது. வின்ஸ் லாரன்ஸும் பின்னர் ஆரம்பகால ஹவுஸ் தட்டுகளை உருவாக்கியவர்களில் ஒருவரானார். வாத்தியக்குழுவுக்குச் சம்பளம் தரப் பணம் இல்லாத பிள்ளைகள் இரண்டு மூன்று கருவிகளை வைத்து வீட்டிலேயே பாட்டு செய்யத் தொடங்கிய காலம் அது.

கருவி தாளம் தரும், பேஸ் தரும். தேவாலயத்தில் இருபது வருடம் பாடிய ஒரு பெண்ணின் தொண்டையைத் தராது. அதனால் அந்தத் தொண்டையைப் பழைய தட்டுகளிலிருந்து வெட்டி எடுத்தார்கள்.

லொலீட்டா ஹாலவேயின் கதை அங்கே வருகிறது. சிகாகோவில் காஸ்பல் பாடி வளர்ந்தவர். 1980-இல் 'லவ் சென்சேஷன்' பாடினார். தயாரிப்பாளர் டான் ஹார்ட்மன் அதை முப்பது தடவை வரை பாட வைத்ததையும், தொண்டை கட்டிப்போய்க் காபியில் விக்ஸைக் கலந்து குடித்துவிட்டுப் பாடியதையும் அவரே சொல்லியிருக்கிறார். 1989-இல் 'பிளாக் பாக்ஸ்' என்ற இத்தாலியக் குழு அந்தக் குரலின் துண்டுகளை ஒட்டி 'ரைட் ஆன் டைம்' என்ற பாட்டைச் செய்தது. பிரிட்டனில் ஆறு வாரம் முதலிடம், அந்த ஆண்டு அங்கே மிக அதிகமாக விற்ற சிங்கிளும் அதுதான். தொலைக்காட்சியில் அதற்கு வாயசைத்தவர் காத்ரின் கினோல் என்ற ஒல்லியான மாடல். ஹாலவேயின் பெயர் எங்கும் இல்லை. அவர் தரப்பு சண்டை போட்ட பிறகு, ஹெதர் ஸ்மால் என்ற இன்னொரு பாடகியை வைத்து அந்த வரிகளைப் பதிவுசெய்து புதிய தட்டு போட்டார்கள். ஹாலவேக்கு ஒரு தொகையும் கிடைத்தது.

இது எப்படி முடிந்தது? திருட்டு என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால் நாம் எதையும் கற்றுக்கொள்ள மாட்டோம். அமெரிக்க முறையில் பாட்டை எழுதியவருக்கு ஓர் உரிமை, பதிவுக்கு இன்னோர் உரிமை. பதிவின் உரிமை பெரும்பாலும் கம்பெனியிடம் இருக்கும், பாடியவரிடம் இருக்காது. ஸ்டுடியோவுக்கு வந்து பாடிவிட்டுப் போகும் பாடகி ஒருநாள் கூலி வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறார். அத்தோடு குரல் கைமாறிவிடுகிறது. அதை யார் வெட்டினாலும் ஒட்டினாலும் பேச்சு கம்பெனிகளுக்கு நடுவில்தான். அமெரிக்காவின் சாதாரண வானொலி நிலையங்கள் பாட்டு ஒலிபரப்பானால் எழுதியவருக்குப் பணம் தரும், பாடியவருக்கு இன்றுவரை ஒரு காசும் தருவதில்லை. சமூகவியல் மாணவர்கள் அந்நியமாதல் என்ற கருத்தை மார்க்ஸிடமிருந்து படிக்கிறோம். உழைத்தவரிடமிருந்து உழைப்பின் விளைபொருள் பிரிந்து, அவருக்கு எதிரிலேயே வேறொருவர் பொருளாக வந்து நிற்பது. லொலீட்டா தொலைக்காட்சியில் பார்த்தது அதைத்தான்.

மார்த்தாவிடம் வருவோம். 1980-களின் கடைசியில் வெதர் கேர்ள்ஸ் பிரிந்துவிட்டது. அவர் ஸ்டுடியோக்களில் கூலிக்குப் பாடிக்கொண்டிருந்தார். பிளாக் பாக்ஸுக்கும் பாடினார். டெமோ என்று சொல்லி வாங்கிய குரல் 'டிரீம்லேண்ட்' ஆல்பமாக 1990-இல் வந்தது. பெரும்பாலான பாட்டுகளில் குரல் மார்த்தா, அட்டையில் காத்ரின் கினோல். அதே காலத்தில் ராபர்ட் கிளிவில்லெஸ், டேவிட் கோல் என்ற நியூயார்க் தயாரிப்பாளர்களுக்கும் டெமோ பாடியிருந்தார். 'செடக்‌ஷன்' என்ற பெண்கள் குழுவின் ஒரு பாட்டில் முதன்மைக் குரல் மார்த்தாவுடையதாக இருக்க, மேடையில் வேறு பெண்கள் நின்றார்கள். பிறகு அதே தயாரிப்பாளர்களின் 'சி அண்ட் சி மியூசிக் ஃபேக்டரி'யிலிருந்து 'கானா மேக் யூ ஸ்வெட்' வந்தது. 1991 பிப்ரவரியில் அமெரிக்காவில் முதலிடம். வீடியோவில் மார்த்தாவின் குரலுக்கு வாயசைத்தவர் ஸெல்மா டேவிஸ்.

இந்த இடத்தில் நிதானமாகப் பார்க்க வேண்டும். காத்ரின் கினோலும் கறுப்பினப் பெண், ஸெல்மா டேவிஸும் கறுப்பினப் பெண். ஸெல்மா உண்மையிலேயே பாடத் தெரிந்தவர். எனவே வெள்ளைப் பெண்ணை முன்னால் நிறுத்திக் கறுப்புப் பெண்ணை மறைத்தார்கள் என்ற எளிய கணக்கு இங்கே பொருந்தாது. மறைக்கப்பட்டது ஒரு குறிப்பிட்ட உடல். முப்பது வயதைக் கடந்த, பருத்த, தேவாலயத்திலிருந்து வந்த கறுப்பு உடல். உழைப்பு வேண்டும், உழைத்த உடம்பு கண்ணில் படக் கூடாது. இது நமக்குப் புதிய செய்தி அல்ல என்பதால் இதற்கு மேல் விளக்கவில்லை.

மார்த்தா வழக்குப் போட்டார். முதலில் பிளாக் பாக்ஸ் ஆல்பத்தை அமெரிக்காவில் வெளியிட்ட ஆர்சிஏ கம்பெனியோடு. அது சமரசத்தில் முடிந்தது. பணத்தோடு, தன் சொந்தப் பெயரில் ஆல்பம் போட ஒப்பந்தமும் கிடைத்தது. இழப்பீட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகாமல், என்னை என் பெயரில் வெளியிடு என்று வாங்கியதுதான் இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1992-இல் 'கேரி ஆன்' வந்து அமெரிக்க நடனப்பாட்டுப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1993-இல் வந்த ஆல்பத்தின் தலைப்பு 'மார்த்தா வாஷ்'.

சி அண்ட் சி வழக்கு சோனி கம்பெனியோடு. 1994-இல் சமரசம். அதன்படி, அந்த வீடியோவில் ஒரு குறிப்பைச் சேர்க்கும்படி எம்டிவியிடம் சோனியே கேட்டுக்கொண்டது. குரல் மார்த்தா வாஷ், காட்சி வடிவம் ஸெல்மா டேவிஸ் என்று. 'காட்சி வடிவம்' என்ற சொல்லைக் கண்டுபிடித்த வக்கீல் யாரோ தெரியாது, கெட்டிக்காரர்தான். அதே ஆண்டு சி அண்ட் சி குழு மார்த்தாவையே அழைத்து 'டூ யூ வானா கெட் ஃபங்கி' என்ற பாட்டைச் செய்தது. இந்த முறை பெயரும் இருந்தது, வீடியோவில் முகமும் இருந்தது.

அந்த வருடங்களில் உலகம் பேசியது வேறொரு ஊழலைப் பற்றி. 'மில்லி வனில்லி' என்ற இருவர் தங்கள் பாட்டைத் தாங்களே பாடவில்லை என்று தெரிந்து 1990 நவம்பரில் கிராமி விருது பறிக்கப்பட்டது. ஏமாற்றப்பட்டவர் தட்டு வாங்கிய நுகர்வோர் என்றுதான் செய்தி எழுதப்பட்டது. அவமானம் முழுவதும் முன்னால் நின்ற இரண்டு கறுப்பின இளைஞர்கள் தலையில் விழுந்தது, திட்டமிட்ட தயாரிப்பாளர் தொழிலில் தொடர்ந்தார். உண்மையில் பாடியவர்கள் யார் என்று கேட்டவர்கள் குறைவு. மார்த்தாவின் வழக்கு அந்தக் கேள்வியைத் திருப்பிப் போட்டது. ஏமாந்தவர் வாங்கியவர் மட்டுமா, பாடியவர் இல்லையா? இதை நுகர்வோர் பிரச்சினையாகப் பார்ப்பதா தொழிலாளர் பிரச்சினையாகப் பார்ப்பதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

1991-லேயே காற்று மாறியதற்கு ஓர் அடையாளம் உண்டு. மார்க்கி மார்க் குழுவின் 'குட் வைப்ரேஷன்ஸ்' அதே 'லவ் சென்சேஷன்' குரலை எடுத்துக்கொண்டது. ஆனால் தட்டிலேயே லொலீட்டா ஹாலவே பெயர் இருந்தது, வீடியோவிலும் அவர் வந்தார். அமெரிக்காவில் முதலிடம். 2011-இல் அவர் இறந்தார்.

இதுவரை சொன்னது குரலின் கதை. மேசைக்குப் பின்னால் நின்று தட்டு சுழற்றியவர்களும், கருவியைத் தட்டியவர்களும், கம்பெனி நடத்தியவர்களும் ஏறக்குறைய எல்லாரும் ஆண்கள். இந்தப் பக்கம் வந்து நின்ற பெண்ணின் கதை டெட்ராய்ட்டில் இருக்கிறது.

டெட்ராய்ட் கார்கள் செய்த ஊர். 1950-இல் அங்கே 18 லட்சத்துக்கும் மேல் மக்கள். ஆலைகள் வெளியேற, வெள்ளையர் புறநகருக்குப் போக, 1990-இல் 10 லட்சம் சொச்சம். அந்த ஊரின் கறுப்பின இளைஞர்கள் ஹவுஸ் இசையைவிடக் கடினமான, இயந்திரத் தன்மை கூடிய ஒன்றைச் செய்தார்கள். 1988-இல் ஒரு பிரிட்டிஷ் தொகுப்புத் தட்டு அதற்கு 'டெக்னோ' என்ற பெயரை உலகளவில் பரப்பியது. வரலாறுகளில் வருவது ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற மூன்று ஆண்கள். சாண்டர்சனின் 'இன்னர் சிட்டி' குழுவின் பாட்டுகளைப் பாடிப் பிரிட்டிஷ் பட்டியலில் முதல் பத்துக்குள் கொண்டுபோனவர் பாரிஸ் கிரே என்ற பெண். டெக்னோவின் வரலாற்றில் அவருக்கும் ஒரு பத்திதான்.

கெல்லி ஹேண்ட் 1964-இல் டெட்ராய்ட்டில் பிறந்தார். 1980-களில் நியூயார்க்கின் 'பாரடைஸ் கராஜ்' கிளப்புக்குப் போய் லாரி லெவான் தட்டு சுழற்றுவதைக் கேட்டு ஆட்டம் கண்டவர். டிஜே என்றால் பாட்டை மாற்றிப் போடுபவர் என்று நினைக்க வேண்டாம். இரண்டு சுழல்மேசைகள், இரண்டு தட்டுகள். ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே காதுக்கருவியில் மற்றதைக் கேட்டு, வேகத்தை நூலிழை கூட்டிக் குறைத்து, இரண்டு தாளமும் ஒன்றாகும் இடத்தில் திறந்துவிட வேண்டும். ஆடுகிறவர்களின் மூச்சைப் பார்த்து அடுத்த தட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மணிக்கணக்கில் நின்றபடி செய்யும் வேலை. கெல்லி அதைக் கற்றுக்கொண்டு ஊர் கிளப்புகளில் வாசித்தார். பிறகு கருவிகள் வாங்கித் தன் சொந்தத் தடங்களைச் செய்யத் தொடங்கினார்.

செய்த பாட்டை யாரிடம் கொடுப்பது? அவர் யாரிடமும் கொடுக்கவில்லை. 1990-இல் தன் சொந்த லேபிளைத் தொடங்கினார். 'யுகே ஹவுஸ்' என்று தொடங்கிய அது 'அகேசியா ரெக்கார்ட்ஸ்' ஆனது. டெட்ராய்ட்டில் ஒரு தெருவின் பெயர் அது. அந்த ஊரில் லேபிள் நடத்துவது கனவு மாதிரியான விஷயம் இல்லை. வெட்டும் இயந்திரத்தில் அரக்குத் தகட்டில் பள்ளம் கீற ரான் மர்ஃபி போன்ற கைவினைஞர் இருந்தார். 1965 முதல் ஒரு குடும்பம் நடத்திவரும் ஆர்ச்சர் என்ற தட்டு அச்சாலை இருந்தது. டெட்ராய்ட்டின் டெக்னோ தட்டுகள் நிறைய அங்கேதான் அச்சாகின. சில நூறு பிரதிகள் போட்டு, கடைகளுக்கும் டிஜேக்களுக்கும் கொடுத்து, விற்ற காசில் அடுத்ததைப் போடலாம். நம் சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். பதிவின் உரிமை கம்பெனியிடம் என்றால், கம்பெனி நானே என்பதுதான் கெல்லியின் பதில்.

தட்டில் அவர் போட்ட பெயர் 'கே-ஹேண்ட்'. ஆணா பெண்ணா என்று அதில் தெரியாது. அதற்காகவே வைத்தார். பெண் என்று தெரிந்தால் ஆண் டிஜேக்கள் தட்டை எப்படிக் கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியும். முதலில் கேட்கட்டும், ஆடட்டும், பிறகு ஆள் யார் என்று பார்க்கட்டும். மார்த்தா தன் முழுப் பெயரையும் அச்சிடச் சொல்லி வழக்குப் போட்ட அதே ஆண்டுகளில், கெல்லி தன் பெயரில் பாதியைத் தானே மறைத்துக்கொண்டார். இதைச் சமரசம் என்று விமர்சிக்கும் தோழிகள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. பிறர் அழித்த பெயரும் தான் சுருக்கிய பெயரும் ஒன்றல்ல. பத்திரத்தில் முழுப் பெயர் யாருடையது என்பதுதான் கேள்வி. அகேசியாவின் பத்திரத்தில் கெல்லியின் பெயர் இருந்தது.

ஐரோப்பா அவரை விரைவில் கண்டுகொண்டது. 1994-இல் இங்கிலாந்தின் வார்ப் நிறுவனம் அவருடைய 'குளோபல் வார்னிங்' தட்டை வெளியிட்டது. 1995-இல் ஜெர்மன் நிறுவனம் ஒன்றில் 'ஆன் எ ஜர்னி' ஆல்பம். 2001-இல் பெர்லினின் டிரஸார் நிறுவனத்தில் 'டெட்ராய்ட் ஹிஸ்டரி பார்ட் 1'. பெர்லின் சுவர் விழுந்த பிறகு ஒரு பழைய பேரங்காடியின் நிலவறைப் பெட்டகத்தில் தொடங்கிய கிளப்பின் லேபிள் அது. ஐரோப்பிய மேடைகளில் அவர் பல ஆண்டுகள் வாசித்தார். இதிலும் ஒரு கசப்பு இருக்கிறது. டெட்ராய்ட்டின் கறுப்பர் இசையைக் கேட்க வெள்ளை ஐரோப்பா கட்டணம் கட்டி வந்தது, அமெரிக்காவிலேயே பலர் டெக்னோ ஐரோப்பாவில் பிறந்தது என்று நம்பினார்கள். சொந்த ஊரில் பெண்களும் சும்மா இருக்கவில்லை. ஸ்டேசி ஹேல் இவருக்கு முன்பிருந்தே தட்டு சுழற்றியவர். டிஜே மின்க்ஸ் 1996-இல் 'விமன் ஆன் வாக்ஸ்' என்று பெண் டிஜேக்களுக்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கினார். தனியாளாக ஒரு பெண் கதவை உடைத்தாள் என்ற கதை பத்திரிகைகளுக்குப் பிடிக்கும், ஆனால் நடந்தது அப்படி அல்ல.

2017-இல் டெட்ராய்ட் நகரசபை கெல்லிக்கு 'டெட்ராய்ட்டின் முதல் பெண்மணி' என்ற கௌரவத்தை அளித்தது. முதல் தட்டு போட்டு 27 ஆண்டுகள் கழித்து. 2021 ஆகஸ்ட் 3 அன்று, 56 வயதில், அவர் இறந்தார்.

மார்த்தா வாஷ் பிற்பாடு 'பர்ப்பிள் ரோஸ் ரெக்கார்ட்ஸ்' என்று தனக்கென ஒரு லேபிளைத் தொடங்கினார். 2013-இல் வந்த 'சம்திங் குட்' ஆல்பம் அதில் வெளியானது. இருவரும் வேறு வேறு வழியில் ஒரே இடத்துக்கு வந்திருக்கிறார்கள்.

கேட்க விரும்புகிறவர்கள் கெல்லியிடம் 'ஆன் எ ஜர்னி'யிலிருந்து தொடங்கலாம், மார்த்தாவிடம் 'கேரி ஆன்' பாட்டிலிருந்து. 'கானா மேக் யூ ஸ்வெட்' வீடியோவைப் பார்க்கிறவர்கள் பாட்டுக்குக் கீழே உள்ள பெயர்களையும் படித்துவிட்டு மூடுங்கள். அடுத்த படிப்பு வட்டத்துக்கு லொலீட்டா ஹாலவேயின் 'லவ் சென்சேஷன்' முழுப்பாட்டையும் போட்டுக் கேட்கலாம் என்று நினைக்கிறேன். யாராவது நல்ல ஸ்பீக்கர் கொண்டுவந்தால் உதவியாக இருக்கும்.